தீர்ப்பை எதிர்ப்பதா, தண்டனையைக் குறைக்கக் கேட்பதா?

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வரும் குடும்பங்கள், தண்டனை விழுந்த அன்றே கேட்பது இதைத்தான்: "அப்பீல் போனா தண்டனை கூடிடுமா சார்?" கூடாது. தண்டனை பெற்றவர் மட்டுமே போட்ட மேல்முறையீட்டில் தண்டனையை உயர்த்த முடியாது. அரசுத் தரப்போ பாதிக்கப்பட்டவரோ தனியாக மேல்முறையீடோ சீராய்வு மனுவோ போட்டால்தான் அந்தப் பேச்சு.

அந்தப் பயம் போனபின் இரண்டு வழி தெரியும்.

முதலாவது, கோர்ட் ஏற்காமல் விட்ட சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பையே உடைப்பது. சம்பவ நேரத்தில் தண்டனை பெற்றவர் ஏரிக்கரைக் கடையில் நின்றதைக் காட்டும் கேமரா பதிவு இருந்தது, புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழ் இல்லாததால் ஏற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 432ஆம் பிரிவில் மேல்முறையீட்டிலேயே கூடுதல் சாட்சியம் கேட்கலாம். ஆனால் 'என் சாட்சியத்தை விட்டுவிட்டார்கள்' என்பது மட்டும் போதாது. அது வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 169ஆம் பிரிவு சொல்வது அதுதான். மற்ற சாட்சிகளே குற்றத்தை நிரூபிக்கிறார்கள் என்றால் அந்தப் பதிவு கைகொடுக்காது. வழக்குக் கட்டை முழுதும் படிக்காத வக்கீலை வைத்து இந்த வழியில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, தண்டனைப் பிழை. தண்டனை பற்றி அவரிடம் கேட்டார்களா? பல பிரிவுகளின் தண்டனைகள் ஏககாலமா, ஒன்றன்பின் ஒன்றா என்று தீர்ப்பு சொல்கிறதா? விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாட்களைக் கழித்தார்களா? இவை தீர்ப்பின் கடைசிப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். வெல்வது எளிது. ஆனால் நாட்கள் குறைந்தாலும் குற்றவாளி என்ற பெயர் அப்படியே நிற்கும். அரசு வேலையில் இருப்பவருக்கு அது வேலையையே பறிக்கலாம்.

ஒரே மனுவில் இரண்டையும் கேட்கலாம்: விடுதலை, இல்லாவிட்டால் தண்டனைக் குறைப்பு. வாதத்தின்போது "தண்டனையை மட்டும் குறைச்சிடுங்க" என்று வக்கீல் முதலாவதை விட்டுக்கொடுப்பதுதான் எனக்கு வலிக்கிறது. அந்தக் கேமரா பதிவு போல முடிவையே மாற்றும் சாட்சியம் இருந்தால், குடும்பத்தைக் கேட்காமல் அதைக் கைவிடவே கூடாது.

மேல்முறையீடு போடக் கெடு: மாஜிஸ்திரேட் தீர்ப்பென்றால் சேலம் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பென்றால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் கூடவே போடுங்கள். வக்கீல் வைக்க வழியில்லாமல் சேலம் மத்திய சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.