பழைய மோட்டார்ஹோமுக்குப் புதிய கன்வெர்டர்: புரோகிரஸிவ் டைனமிக்ஸ் பிடி 4645

டெக்சாஸில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் காட்டன்வுட் முகாமில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. பாலைவனத்து மார்கழிக் குளிரில் ஹீட்டர் எரிவதற்குக் காஸ் இருந்தால் மட்டும் போதாது, அதன் விசிறி சுழல 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் எங்கள் மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டியில், அங்கே தங்கியிருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு அந்த விசிறி நின்றுபோனது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டு கம்பளிகளைப் போர்த்தியும் நடுங்கிக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தார். வெளி இணைப்பின் 120 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி வண்டியின் பேட்டரியை ஏற்றும் ஒரு கன்வெர்டரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத நான் துணிந்ததற்கு அந்த இரவே காரணம்.

எங்களுடையது 1994ஆம் ஆண்டு மாடல், 28 அடி நீள வண்டி. வீட்டுப் பகுதிக்கென இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகளைத் தொடராக இணைத்திருக்கிறேன். மொத்தக் கொள்ளளவு 225 ஆம்பியர்-மணி. அவை அப்போது எட்டு மாதமே ஆனவை. அவற்றுக்கு முந்தைய இணை இரண்டே ஆண்டுகளில் செயலிழந்தபோது, பேட்டரிதான் மோசம் என்று முடிவுகட்டிப் புதிது வாங்கினேனே தவிர, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை. அது தவறு. சார்ஜ் ஏறாத வண்டியில் பேட்டரி பெரும்பாலும் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டதுதான்.

வீடு திரும்பியதும் முறையாக அளக்கத் தொடங்கினேன். வெளி மின் இணைப்பைத் துண்டித்து, விளக்குகளை அணைத்து, சில மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு பேட்டரி முனைகளில் 12.2 வோல்ட் இருந்தது. ஈய-அமில பேட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் 12.6க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்பது ஏறத்தாழ பாதி. அடுத்து 120 வோல்ட் இணைப்பைக் கொடுத்தேன். 13ஐத் தாண்டியிருக்க வேண்டிய அளவு 12.5இலேயே நின்றது. ஆனால் கன்வெர்டரின் வெளியீட்டு முனையில் அளந்தால் 13.3 இருந்தது. அப்படியானால் இடைப்பட்ட வழியில் 0.8 வோல்ட் எங்கோ தொலைந்துகொண்டிருக்கிறது. சார்ஜ் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைச் சுத்தமான அடிச்சட்ட இரும்பிலும் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் 0.6 வோல்ட் காட்டியது. நெகட்டிவ் கேபிள் அடிச்சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்த இடம் முழுவதும் துரு. கம்பி பிரஷால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, கேபிள் முனையையும் மாற்றியதும், பேட்டரியில் 13.2 வந்தது.

உங்கள் வண்டியில் இந்த ஒரு கோளாறு மட்டும் இருந்தால், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எதையும் வாங்கத் தேவையில்லை. கன்வெர்டரில் வெளியீடே இல்லையென்றால் முதலில் 120 வோல்ட் பிரேக்கரைப் பாருங்கள். வெளியீடு இருந்தும் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லையென்றால், பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் எரிந்துபோகும்படி வைத்திருக்கும் ஃபியூஸ்களையும், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சையும் சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் அது வேறு கதை; எஞ்சினின் பேட்டரியையும் வீட்டுப் பகுதியின் பேட்டரிகளையும் இணைக்கும் பெரிய ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) தொடுமுனைகள் கருகியிருக்கக்கூடும். அதற்குக் கன்வெர்டரை மாற்றிப் பயனில்லை.

என் வண்டியில் இரண்டாவது கோளாறும் இருந்தது. பழைய கன்வெர்டர் எப்போதும் அந்த 13.3 வோல்ட்டையே கொடுத்தது. நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்க அது போதும். பாதி காலியானதை நிரப்பவோ நாட்கணக்கில் ஆகும். சனி, ஞாயிறு மட்டும் வெளியே போய்வருபவர்களின் பேட்டரி அப்படி ஒருநாளும் நிறைவதில்லை. நிறையாமலே கிடக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, கொள்ளளவு குறைகிறது. முந்தைய பேட்டரிகள் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் நகரத்து நிறுவனமான புரோகிரஸிவ் டைனமிக்ஸின் பிடி 4645 இந்தக் குறையைச் சரியான இடத்தில் தீர்க்கிறது. 45 ஆம்பியர் வரை தரக்கூடிய இக்கருவி, காலியான பேட்டரிக்கு 14.4 வோல்ட் கொடுத்து விரைவாக ஏற்றுகிறது, பின்பு 13.6க்கு இறங்குகிறது, ஏறத்தாழ 30 மணி நேரம் மின்சாரம் அதிகம் செலவாகாமல் இருந்தால் 13.2க்கு வந்து காத்திருக்கிறது. அந்த நிலையில் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் மீண்டும் 14.4க்கு உயர்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்: அமிலம் கலக்கப்படுகிறது, சல்பேட் இறுகுவதற்கு இடம் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பழைய பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிட்டு, உள்ளிருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வகையில் இதை வடிவமைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. வெளி மின் இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். எந்தக் கம்பி எங்கிருந்தது என்று முன்னதாகவே படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவிடுங்கள். அன்று பாதி காலியான பேட்டரிகளின் கேபிளில், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 38 ஆம்பியர் ஏறியது. பழையது 9 ஆம்பியர்தான் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது தன் வெளியீட்டு முனையில்தான் 14.4ஐக் காக்கிறது. மின்னோட்டம் கூடக் கூட, துருப்பிடித்த இணைப்பில் தொலையும் வோல்ட்டும் கூடும். அடிச்சட்டத்தில் நெகட்டிவ் கேபிள் சேரும் அந்த எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யாமல் இதை மாட்டியிருந்தால், நல்ல கருவியைக் குறை சொல்லிக்கொண்டு மூன்றாவது முறையும் பேட்டரி வாங்கியிருப்பேன். லித்தியம் பேட்டரிக்கு மாற எண்ணுபவர்கள் இதை வாங்க வேண்டாம்; அதற்கென உள்ள மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈய-அமில பேட்டரி வைத்திருப்பவர்கள், சார்ஜ் இப்போது நன்றாக ஏறுவதால், மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்துவர வேண்டும்.

சென்ற மார்கழியில் அதே காட்டன்வுட்டில் மீண்டும் தங்கினோம். ஹீட்டர் இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடியது. காலையில் விளக்குகளை அணைத்துவிட்டு அளந்தபோது பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது; அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.