ஐந்து வாட் செட்டும் போட்டியும்: ஃபில்டர் படுத்தும் பாடு

பழைய ஐந்து வாட் வயர்லெஸ் செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, நவம்பர் போட்டிக்கு வாங்கலாமா என்று ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர் ஒருவர் கேட்டார். அதே மாடலைத்தான் நானும் பல வருடமாக வைத்திருக்கிறேன். உலகெங்கும் முடிந்தவரை அதிக ஸ்டேஷன்களை மோர்ஸ் குறியீட்டில் தொடர்புகொள்ளும் சிக்யூ வேர்ல்ட் வைட் மோர்ஸ் போட்டிக்கு அதைத்தான் எடுப்பேன்.

பவரை நினைத்துத் தயங்க வேண்டாம். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபல். சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளி சொச்சம். மொட்டை மாடியில் 10 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் ஆன்டெனா, மொத்தமே ஐந்து மீட்டர் கம்பி. சூரியப் புள்ளிகள் பெருகி இந்த அலைவரிசை தூரம் பாய்ந்த 2024-இல் மத்தியானத்துக்கு மேல் ஐரோப்பா அதில் வரிசையாகக் கிடைத்தது. காலையில் ஜப்பான் பலமாகக் கேட்கும். ஆனால் ஒரே கண்டம் என்பதால் ஒரு பாயின்ட்தான், ஐரோப்பாவுக்கு மூன்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பெரிய ஸ்டேஷன்கள் கிடைத்தவர்களையெல்லாம் பேசி முடித்துப் புதுக் கால்சைனுக்கு (ஸ்டேஷனின் அடையாளக் குறிக்கு) ஏங்கும் நேரம். சனிக்கிழமை திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அன்று நம் மெல்லிய சிக்னலைத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

ஆறாத கோபம் ரிசீவர் மேல்தான். பக்கத்து சிக்னல்களை வெட்டும், மோர்ஸுக்கான குறுகிய ஃபில்டரைச் செட்டோடு தரவில்லை. தனியாக வாங்கிப் பொருத்த உள்ளே காலி இடம் மட்டும் விட்டிருக்கிறார்கள். குரலுக்கான இரண்டு கிலோஹெர்ட்ஸ் சொச்ச அகலத்தில் கேட்டால், போட்டி நாளில் நாலைந்து ஸ்டேஷன் ஒன்றாகக் காதில் விழும். கால்சைனை அனுப்புகிறேன். எதிர்முனை "வியு2?" என்று, என் இந்தியக் கால்சைனின் முதல் பாதியை மட்டும் கேட்கிறது. பாதி பிடித்துவிட்டார், இன்னொரு முறை அனுப்பினால் போதும். அனுப்பி முடிக்கும்போது, 400 ஹெர்ட்ஸ் தள்ளி ஒருவர் பலமாக சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) போட ஆரம்பிக்கிறார். அடியில் ஒரு 599 (சிக்னலுக்குத் தரும் மார்க்) மட்டும் கேட்கிறது. எனக்கா, வேறு யாருக்காவதா? நம்பி எழுதி, அவர் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) நான் இல்லையென்றால் அபராதம்.

வெளியே ஆடியோ ஃபில்டர் மாட்டிப் பார்த்தேன். பக்கத்து ஸ்டேஷன் காதில் அடங்குகிறது. ஆனால் அதன் பலத்துக்கு ஏஜிசி (சிக்னல் பலத்துக்கு ஏற்ப ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று) ரிசீவரையே இறக்கிவிடுவதால் வேண்டிய சிக்னலும் சேர்ந்து அமுங்குகிறது.

நியாயமாகச் சொன்னால், செட் உழைப்பாளி. ரிப்பேர் என்று கொடுத்ததே இல்லை, மலைக்கும் கடற்கரைக்கும் தோளில் மாட்டிப் போகலாம். இருந்தாலும் போட்டிக்கென்றால் வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். ஃபில்டர் பொருத்தியது கிடைத்தால் கீறல் இருந்தாலும் விடாதீர்கள். அப்புறம், 13.8 வோல்ட் சப்ளையில் ஓட்டுங்கள்; உள் பேட்டரிக்கு மாறினால் பவர் தானாக 2.5 வாட்டுக்கு இறங்கிவிடும்.