பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு

எங்கள் சபை பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிந்ததும் 400 பேருக்குக் கஞ்சி கொடுப்போம். 2024இல், மார்ச் 29 அன்று, அதைக் காய்ச்சியது மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பாய். ரமலான் மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். அவர் வேலையைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின வருடம் வேறு ஒரு காண்டிராக்டரைப் பிடித்தோம், பெயர் வேண்டாம். கஞ்சி என்று சொல்லித்தான் பேசினோம், வந்து பார்த்தால் நெய்யில் முந்திரி வறுத்துப் போட்டு, பட்டை கிராம்பு தாளித்து, கூடவே பருப்பு வடை. ருசியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த வடையை இரண்டு மணி வாக்கில் போட ஆரம்பித்தார்கள். உள்ளே ஐந்தாம் வார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, "தாகமாயிருக்கிறேன்". காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத ஆச்சிமார்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜன்னல் வழியாக எண்ணெய் வாசனை அடிக்கிறது. பேசிக்கொண்டிருந்த அக்கா ஒரு கணம் நிறுத்தி, தொண்டையைச் செருமிவிட்டுத் தொடர்ந்தார். எனக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆறாம்மணி நேரம் முதல் ஒன்பதாம்மணி நேரம்வரை எங்கும் இருள் உண்டானது என்று சுவிசேஷத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கணக்கில் பகல் விடியலிலிருந்து தொடங்குவதால், நம் கடிகாரத்துக்கு அது பன்னிரண்டு முதல் மூன்று. அந்த மூன்று மணி நேரமும் கோயிலில் இருந்து, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்போம். ஏழும் ஒரே சுவிசேஷத்தில் கிடையாது. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற அந்தக் கதறல் மட்டும் மத்தேயுவிலும் மாற்கிலும். எங்கள் கோயிலில் அன்றைக்கு மணி அடிக்க மாட்டோம், ஆல்டரில் பூ இருக்காது.

ஐந்தாம் வார்த்தைக்கு அடுத்த வசனத்தில்தான் காடி வருகிறது. கடற்காளானை, அதாவது கடற்பஞ்சை, காடியில் தோய்த்து, ஈசோப்புத்தண்டில் மாட்டி அவர் வாயருகே நீட்டுகிறார்கள். ரோமச் சிப்பாய்கள் தண்ணீர் கலந்து குடிக்கிற புளித்த திராட்சரசம் அது, மலிவான சரக்கு. வேதத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் அதற்கு எடுத்த சொல்லைப் பாருங்கள், காடி. புளித்துப்போன கஞ்சிக்கும் நம்மிடம் அதே பெயர்தான். "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்று எங்கள் ஆச்சி சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வரும். செத்துக்கொண்டிருந்தவர் உதட்டில் கடைசியாகப் பட்டது இல்லாதப்பட்டவன் குடிக்கிற புளிப்பு. அதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவன் கையில் வாங்குகிற டம்ளரில் என்ன இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஆராதனை முடிந்ததும் கசப்பு நீரே கொடுக்கிறார்கள்.

சரி, பாய் விஷயத்துக்கு வருகிறேன். பேசப் போனபோது, முந்திரி, நெய் எதுவும் வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "வெறும் வயித்துல நெய் இறங்கினா புரட்டும் அண்ணாச்சி, பயறும் வெந்தயமும் போதும்" என்றார். 10 கிலோ பச்சரிசி, 3 கிலோ சிறுபயறு, வெந்தயம், சீரகம், நிறையப் பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளக் காணத்துவையல், அதாவது கொள்ளுத் துவையல். அவர் கூலி, விறகு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டார், பள்ளிவாசல் கஞ்சியைத் தம்பியிடம் விட்டுவிட்டு. அடுப்பைக் கோயிலுக்குக் கிழக்கே தள்ளி, புகை உள்ளே போகாத பக்கமாகப் பார்த்து மூட்டினார். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் வைத்து, அண்டாவை மூடி, மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டிவிட்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார். கிளம்பும் முன்னால் உப்புப் பார்க்கச் சொன்னார், அவருக்கு நோன்பு. எனக்கும் உபவாசம். கோயிலைப் பார்த்துக்கொள்கிற குட்டியாரின் பேத்தி, ஏழு வயது இருக்கும், அங்கே நின்றுகொண்டிருந்தாள். அகப்பையிலிருந்து அவள் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். போட்டார். மறுபடியும் நக்கிவிட்டுத் தலையாட்டினாள்.

இரண்டரைக்குத் திரும்பி வந்தார். அண்டாவில் கிடந்த கஞ்சி இறுகிப்போகும், எல்லோருக்கும் தெரியும், பலர் அப்படியே கட்டியாக அள்ளி ஊற்றுவார்கள். இவர் இரண்டு வாளி வெந்நீர் தனியாக வைத்திருந்தார், அதை ஊற்றிக் கிண்டி, தேங்காய்ப்பாலை அப்போதுதான் சேர்த்தார். நாங்கள் மூன்று மணிக்கு வெளியே வரும்போது ஆற்றாமல் குடிக்கிற சூட்டில், டம்ளரைச் சாய்த்தால் ஓடுகிற பதத்தில் இருந்தது. வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று வாங்கினோம், யாரும் அதிகம் பேசவில்லை. பூண்டு நன்றாக மசிந்திருந்தது, வெந்தயக் கசப்பு கடைசி மடக்கில் லேசாக நின்றது. அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறையும் உண்டு. துவையல் 300 பேருக்கு அப்புறம் தீர்ந்துவிட்டது, பின்னால் வந்தவர்களுக்கு வெறும் ஊறுகாய்தான். உப்பும் ஒரு கல் கூடுதல், பிள்ளை நாக்குக்கு ஏற்ற உப்பு. வீட்டுக்குத் தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்கள் இருந்தால் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லிவிடுங்கள், நாங்கள் சொல்லவில்லை, அது எங்கள் தப்பு.

அடுத்த வருடத்துக்கும் அப்போதே அவரிடம் சொல்லி வைத்துவிட்டோம். 2025இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18, ரமலான் மார்ச்சோடு முடிந்துவிடுகிறது. உப்பை அவரே பார்த்துக்கொள்ளலாம்.