உச்சி வெயிலில் தீர்க்கரேகை: கையடக்க ஜிபிஎஸ்ஸுடன் ஏழு வருடம்

மதுரையில் ஏப்ரல் 16-ஐ ஒட்டி நிழலில்லா நாள் வரும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிமிடம் ஊருக்கு ஊர் மாறும். அதற்குக் காரணம் தீர்க்கரேகை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டப் போகும்போது ஏழு வருடமாக என்னோடு வருவது, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் ஒரு கையடக்க ஜிபிஎஸ்.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். கணக்குக்குப் போனே போதும். ஆனால் சித்திரை வெயிலில் போன் சூடாகித் திரை மங்கிவிடும். இதன் கறுப்பு வெள்ளைத் திரையிலோ வெயில் படப்பட எழுத்து பளிச்சென்று தெரியும்.

ஆன் செய்ததும் வரும் எண்ணை உடனே குறித்துக்கொள்ளக் கூடாது. கட்டடத்தை விட்டுத் திறந்த வெளிக்கு வந்து, பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் எண்ணை அலைக்கழிக்கும்.

முதல் வருடம் நான் தவறியது வேறு இடத்தில். திரையில் இருந்தது 78°07.2′, அதாவது 78 பாகை, 7.2 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அதை 78.072 பாகை என்று நோட்டில் எழுதிவிட்டேன். சரியான எண் 78.12. அந்த ஒரு வரியில் ஊர் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய்விட்டது! அன்றிலிருந்து எல்லாவற்றையும் தசமப் பாகையிலேயே வைத்திருக்கிறேன்.

கணக்கு எளிது. பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம். நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை அதற்கு 4.38 பாகை மேற்கே இருப்பதால், பதினேழரை நிமிடம் பின்தங்கும். ஏப்ரல் நடுவில் சூரியக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் வேறு திருத்தம் தேவையில்லை. ஆக, உச்சி 12:17-ஐ ஒட்டி.

பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் சமதளப் பலகையில் நிறுத்தி வைப்போம். பன்னிரண்டு மணிக்கு மேற்கே தெரிந்த நிழல் மெல்லச் சுருங்கி, விளிம்போடு ஒட்டி, குழாய்க்குள் வட்டமாக வெளிச்சம் விழும். "சார், நிழல் போச்சு!" என்று பிள்ளைகள் கத்தும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

இந்தக் கருவிக்குள் நடப்பதும் நேரக் கணக்குதான். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. மைக்ரோ விநாடி ஒன்று பிசகினாலே தூரம் 300 மீட்டர் மாறும். கருவியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லை என்பதால்தான் அதன் பிழையையும் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. அந்தக் காலத்து மாலுமிகளும் துறைமுக நேரம் காட்டும் கடிகாரத்தைக் கப்பலில் வைத்துக்கொண்டு, உச்சிச் சூரியனோடு ஒப்பிட்டுத்தான் தீர்க்கரேகை அறிந்தார்கள்.

இன்னொன்று, டேட்டம்; அதாவது, இடத்தின் பாகை எண்களை எதை ஆதாரமாக வைத்து அளக்கிறோம் என்பது. கருவி காட்டுவது WGS 84 என்ற அடிப்படையில். பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் டேட்டத்தில் போட்டவை. மதுரைப் பக்கம் இரண்டுக்கும் தீர்க்கரேகையில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நிழல் கணக்குக்கு அது பொருட்டில்லை. பழைய வரைபடத்தில் ஒரு கிணற்றையோ எல்லைக்கல்லையோ தேடிப் போகிறவர்கள் மட்டும் அமைப்பில் டேட்டத்தை மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி வைத்துவிடுங்கள்.