கிரனடாவா, சான் செபாஸ்டியனா?

சாப்பாட்டுக்காகவே ஸ்பெயினுக்கு மூன்று நாள் போகிறீர்களா, எந்த ஊர் என்று குழப்பமா?

செலவு: கிரனடாவில் ஒரு பீர் கேட்டால் கூடவே ஒரு சின்னத் தட்டு தாப்பா (கொறிக்கும் சிறுதீனி) இலவசமாக வந்துவிடும். சான் செபாஸ்டியனில் ஒவ்வொரு பிஞ்சோவுக்கும் (அந்த ஊர்ச் சிறுதீனி) தனிக்காசு.

தேர்வு: கிரனடாவில் என்ன தட்டு வரும் என்பதைப் பெரும்பாலும் கடைக்காரர்தான் முடிவு செய்வார். சான் செபாஸ்டியனில் நீங்களே பார்த்துக் கேட்கலாம், ஆனால் பார் மேடையில் அடுக்கியிருப்பதோடு நின்றுவிடாமல் கரும்பலகையில் எழுதியிருக்கும் சூடான அயிட்டத்தைக் கேளுங்கள், அப்போதே செய்து தருவார்கள். முதலில் ஒரு ஹில்தா: ஆலிவ், உப்பிட்ட நெத்திலி, ஊறவைத்த பச்சை மிளகாய், மூன்றும் ஒரே குச்சியில். அப்புறம் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள், பழைய நகரத்தில் எல்லாமே பக்கம் பக்கம்தான்.

கையைக் கடிக்கக் கூடாது என்றால் கிரனடா. கடல் உணவுப் பிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு சான் செபாஸ்டியன் போகலாம்.