மாமியின் கிளினிக் கொப்பியும் எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியும்: ஐந்துக்கு மூன்றரை

என் மாமிக்கு எழுபத்திரண்டு வயது. சீனி, பிரஷர், முழங்கால் நோவு மூன்றும் உண்டு. 2022 வரை திருகோணமலை ரவுனுக்குத்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். விடிய நாலரைக்கு எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிப்போம். முழங்கால் மடங்காமல் போன பிறகு ஓட்டோ, போக வர 2,500 ரூபா. அதனால் மூன்று கிளினிக்கில் ஒன்று தவறிப்போகும். அந்த மாதம் மாமி குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டுச் சமாளித்திருக்கிறார். தலையணைக்கு அடியில் பாதிக் குளிசைகள் அகப்பட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

பெற்றோல் இல்லாமல் ஓட்டோவெல்லாம் வரிசையில் நின்ற அந்த வருடம் வேறு வழியில்லாமல் எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாறினோம். பலகையில் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு என்று போட்டிருக்கும். வெளிநோயாளருக்கு மட்டும்தான், கட்டில் கிடையாது. ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மாதாமாதம் அவர்கள் முகத்தில்தானே முழிக்க வேண்டும்!

முதலில் மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "பெரியாஸ்பத்திரிக் குளிசைதான் எனக்குப் பிடிக்கும்" என்று ஒரே பிடி. இரண்டு இடத்துச் சீனிக் குளிசையையும் (மெற்போமின்) உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஒரே அளவு, ஒரே வெள்ளை. "அந்த வெள்ளை வேற" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

இப்போது பத்து நிமிட நடை. மாமிக்கு இருபது. ஒரு கிளினிக்கும் தவறவில்லை. மாறிய புதிதில் கொப்பியில் 170/100 என்று இருந்த பிரஷர் போன மாதம் 138/84. குளிசை அதேதான், இப்போது முழுசாகப் போடுகிறார். மிஸ்ஸிக்கு (தாதிக்கு) மாமியின் வீடும் தெரியும், விரதமும் தெரியும். "கந்தசஷ்டிக்குச் சாப்பிடாமல் குளிசை போடக்கூடாது அம்மா" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். இது ரவுனில் நடக்கிற காரியமில்லை, அங்கே கூட்டம் அப்படி.

1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தோடு இப்படியான சின்ன ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கைக்கு வந்தன. மாகாண சுகாதார அமைச்சும் பிராந்தியப் பணிமனையும் திருகோணமலையிலேயே இருப்பதால் சில காரியங்கள் சுறுக்காக நடக்கின்றன. எட்டரைக்குக் கொடுத்த நம்பரை ஏழு மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் அபிவிருத்திக் குழு கேட்டது. குழு என்றால் கோயில் செயலாளர், பள்ளிவாசல் நிருவாகி, கிராம சேவகர், பிறகு வாய் காட்டுகிற நாலு பெண்கள் (நானும் ஒருத்தி). இரண்டு மாதத்தில் மாற்றிவிட்டார்கள். கருவாட்டு வாடிக்குப் போகிற பெண்கள் இப்போதுதான் கிளினிக்குக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

மருந்து விஷயம் அப்படியில்லை. அரச மருந்தைக் கொள்வனவு செய்வது கொழும்பு. அங்கே தட்டுப்பாடு வந்தால் இங்கே யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முறை பிரஷர் குளிசை லொசாட்டன் பதினைந்து நாளுக்குத்தான் தந்தார்கள், மிச்சத்தை வெளியே வாங்கச் சொன்னார்கள். மருந்து கொடுக்கிற பிள்ளையைத் திட்டி என்ன பயன்? உறையில் "15 நாள்" என்று சிவப்புப் பேனையால் எழுதி இரண்டு கோடு போட்டுத் தந்தாள், மாமி மறக்கக் கூடாது என்று.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன, மருந்து முடிந்தால் பஞ்சாயத்துக் காசிலேயே வாங்கலாம் என்று என் கணவர் சொல்வார். இங்கே பிரதேச சபைக்காரரைக் கேட்டால் தெரு விளக்கைப் பற்றிப் பேசலாம், லொசாட்டனைப் பற்றிப் பேச முடியாது. மாகாணசபை உறுப்பினரைப் பிடிக்கலாம் என்றால் அவரும் இல்லை. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. முன்பு தேத்தண்ணிக் கடையில் நிற்கிறவரை மறித்துக் கேட்போம். இப்போது ஆளுநருக்குக் கடிதம்தான்.

ஒரு நட்சத்திரம் மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் போனது, மிச்ச அரை நட்சத்திரத்தை நான் குறைத்தது கழிப்பறைக்கு. எப்போதும் பூட்டுத்தான். திறப்பு ஓர் ஊழியரின் சட்டைப் பையில் இருக்கும், அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பிரஷருக்கு மூத்திரம் போகிற குளிசை போட்டுவிட்டு வருகிற கிழவிகள் எத்தனை பேர்! மாமி ஒரு நாள் பக்கத்து வீட்டுக்கு ஓடினார், முழங்கால் நோவோடு. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் அடுத்த கிளினிக் காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குழுவில் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. இதற்குக் கொழும்பும் வேண்டாம், ஆளுநரும் வேண்டாம், சுவரில் ஓர் ஆணி அடித்துத் திறப்பைத் தொங்கவிட்டால் போதும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: இரத்தம் எடுக்கிற நாளில் ஏழுக்கு முன் நில்லுங்கள். குப்பிகளை ஏற்றிக்கொண்டு வாகனம் ஒன்பதுக்குப் போய்விடும், பிந்தினால் அடுத்த கிழமைதான். சாப்பாட்டையும் கையோடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்துக் கடையில் பத்து மணிக்கு முன் பணிஸ் தவிர வேறொன்றும் இருக்காது.