4,600 ரூபா முகமூடியும் 650 ரூபா கையுறையும்

பெரும்போகத்துக்கு மருந்து அடிக்கத் தொடங்கும் முன்னர், திருகோணமலை நகரில் ஒரு விவசாய மருந்துக் கடையில் இவை இரண்டையும் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். சாமானைப் பற்றி நல்லதும் கடைக்காரரின் வாயைப் பற்றிக் கெட்டதும் எழுதப்போகிறேன்.

முகமூடி மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் வகை, இரண்டு பக்கமும் காட்ரிஜ், அதாவது காற்றை வடிகட்டும் குப்பி. விலையைக் கேட்டு நான் தயங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்: "இதை அப்போதே போட்டிருந்தால் உங்கள் அண்ணனுக்கு அந்த வருத்தம் வந்திருக்காது, ஐயா."

அண்ணனுக்கு வந்தது மோட்டார் நியூரோன் நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே போகும் நோய். தம்பலகாமத்து வரம்பில் நடக்கும்போது வலது கால் செருப்பு மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. வார் தளர்ந்துவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு பேச்சு. இரண்டரை வருடத்தில் போய்விட்டார்.

கொழும்பில் நரம்பியல் வைத்தியர் முதலில் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் அப்படிக் குடும்ப வழியில் வருமாம். அடுத்து, என்ன தொழில் என்றார். இளவயதில் வெல்டிங் பட்டறை, பிறகு முப்பது வருடம் வயல், மாலையில் உதைபந்தாட்டம் என்று அண்ணன் சொன்னார். கோர்னர் பந்து உயர வந்தால் அண்ணனின் நெற்றிதான் முதலில் எழும்பும். மூன்றையும் வைத்தியர் எழுதிக்கொண்டார், எதையும் குற்றம் சொல்லவில்லை. அன்று எனக்கு அது கோபமாக இருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். இத்தாலியில் 1970 முதல் 2001 வரை ஆடிய ஏழாயிரத்துச் சொச்சம் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். இந்த நோய் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்ற கணக்கில் ஐவருக்கு வந்திருந்தது. ஸ்கொட்லாந்தின் முன்னாள் வீரர்களில் இந்த நோயால் இறந்தோர் மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று 2019இல் சொன்னார்கள். அமெரிக்காவில் படையில் இருந்தவருக்கு இது வந்தால் 2008 முதல் சேவையோடு தொடர்புடையதாகவே ஏற்கிறார்கள். பீடைநாசினி, ஈயம், டீசல் புகை, மின்னதிர்ச்சி எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் இது வருடத்துக்கு லட்சத்தில் இரண்டு பேருக்கு வருகிற நோய். இரட்டிப்பானாலும் நான்கு பேர்தான். இவ்வளவு அரிய நோய் என்பதால், நோயாளிகளிடம் பழைய வேலையைக் கேட்டுத்தான் பல ஆய்வுகள் நடக்கின்றன. நோய் வந்தவர் நினைவைத் துருவுவதுபோல மற்றவர் துருவுவதில்லை. நானே அப்படித்தானே, மருந்து அடிக்கும் கருவியின் அடைத்த நொசிலை அண்ணன் வாயில் வைத்து ஊதியதெல்லாம் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பட்டறையா, வயலா, பந்தா, எதுவுமே இல்லையா? வைத்தியர் சொல்லாததைக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

சரி, முகமூடி. மீசையோடு போட்டால் ஓரத்தில் காற்றுப் புகும். இரண்டு காட்ரிஜையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்தால் ரப்பர் முகத்தோடு ஒட்ட வேண்டும்; எனக்கு மீசையை எடுத்த பிறகுதான் ஒட்டியது. மனைவி இரண்டு நாள் சிரித்தாள். கண்ணாடியில் ஆவி படிகிறது, ஒன்பது மணி வெயிலுக்குள் தாடையில் வியர்வை தேங்குகிறது. ஆனால் மருந்து வாடை அடிக்கவில்லை. வாங்கும்போது காட்ரிஜ் இரசாயன ஆவிக்கானதா என்று பாருங்கள். தூசுக்கு மட்டுமானது ஆவியைத் தடுக்காது.

கையுறை பச்சை நைட்ரில் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்), முழங்கைக்குக் கிட்ட வரை. எனக்குப் பிடித்தது இதுதான். தெளிக்கும்போது மருந்து மூக்கைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகும். கலக்கும்போது கையில் படும் துளிதான் பெரிய எதிரி. உள்ளே துணி வைத்த கையுறையை வாங்காதீர்கள், துணி ஊறினால் மருந்தைக் கையோடு கட்டிவைத்த மாதிரி. நெல்லுக்குத் தாழ்வாகத்தான் அடிக்கிறோம், ஆகவே கையில் வழியும் துளி கையுறைக்குள் இறங்காமல் சட்டைக் கையைக் கையுறைக்கு வெளியே விடுங்கள். கடைக்காரர் கையுறையைக் காட்டவே இல்லை. நானே கேட்டு, மேல்தட்டில் தூசு படிந்து கிடந்ததை எடுக்கச் சொன்னேன். 650 ரூபாவுக்கு யார் பேசி நேரத்தை வீணாக்குவார்?

முகமூடிக்கு ஐந்தில் மூன்று. கையுறைக்கு நாலரை. அண்ணனை இழுத்ததற்கு ஒன்றும் கிடையாது.

மாற்றுக் காட்ரிஜ் வந்ததா என்று போன கிழமை கேட்டேன். அடுத்த கிழமை வரும் என்றார். அதற்கு முந்தின கிழமையும் அதையேதான் சொன்னார்.